கார்ட் சலுகையை வைத்து விமானத்தின் லக்கேஜ் காசைக் குறைக்கலாமா?

வெள்ளவத்தை வாசுகி:

வணக்கம். தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். அதற்கு முன் அம்மாவும் நானும் ஒருக்கா சென்னைக்குப் போய்வர வேண்டும். கூறைச்சேலை, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கிற சேலைகள், ஒரு சோடி குத்துவிளக்கு, அதோடு அழைப்பிதழ். அழைப்பிதழைக் கொட்டாஞ்சேனையிலேயே அடிக்கலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. "சென்னையில அடிச்ச கார்டைக் கையில பிடிச்சாலே தெரியும்" என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரு பட்ஜெட் விமானத்தின் தளத்தில் டிக்கெட் பார்த்தேன். முதல் பக்கத்தில் விலை சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த பக்கத்தில் 20 கிலோ பொதிக்கு ஒரு வழிக்கு 8,500 ரூபாய் அளவில் கேட்டார்கள். அதற்கும் அடுத்த பக்கத்தில் சீட் தெரிவு செய்ய ஒருவருக்கு ஒரு வழிக்கு 1,400. முழங்கால் நோ என்று அம்மா ஓரத்து சீட் கேட்கிறார். இரண்டு பேர், போக வர என்று கூட்டினால் பொதிக்கு 34,000, சீட்டுக்கு 5,600. டிக்கெட் காசுக்கு மேலே கிட்டத்தட்ட 40,000.

இந்த நேரம் பார்த்து மாஜெஸ்டிக் சிட்டியில் எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்த ஒரு வங்கிப் பெடியன் என்னைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் இருப்பது சம்பளம் விழுகிற வங்கியின் சாதாரண கடனட்டை. அவர் தங்கள் வங்கியின் பிளாட்டினத்துக்கு மாறச் சொல்கிறார். விமான நிலையத்தில் விமானம் ஏறும் வரை இருந்து சாப்பிடுகிற லவுஞ்ச் இலவசம், டிக்கெட்டில் கழிவு, பாயின்ட்ஸ் இரட்டிப்பு, "எயார்லைன் கேக்கிற காசெல்லாம் இதிலயே கழிஞ்சு போயிடும் மிஸ்" என்கிறார். வருடக் கட்டணம் 12,000, முதல் வருடம் இல்லை. ஃபோர்மைப் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. டொரன்டோவில் இருக்கிற பெரியம்மாவின் மகன், தன்னுடைய கார்டுக்கு முதல் பொதி இலவசம் என்கிறார். அண்ணாவின் கார்டில் எங்கள் சென்னை டிக்கெட்டை வாங்கினால் அந்த இலவசம் எங்களுக்கும் கிடைக்குமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:

ஃபோர்மைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ரகக் கார்ட் என்னிடமும் ஒன்று இருக்கிறது. லவுஞ்ச் இலவசம் என்பது கார்ட்காரருக்கு மட்டும். மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போனால் வாசலில் ஒருவரும் காசு கேட்க மாட்டார்கள், சிரித்துக்கொண்டே உள்ளே விடுவார்கள். அடுத்த மாத பில்லில் இரண்டு பேருக்கும் டொலர்க் கணக்கில் வந்து நிற்கும். எங்கள் மகன் அங்கே சாப்பிட்டது ஒரு கட்லட், குடித்தது மைலோ. கட்டுநாயக்கா லவுஞ்சில் கட்லட்டின் உண்மையான விலை எனக்குத் தெரியும் என்று வையுங்கள்.

காலி வீதி டிக்கெட்காரர்:

தங்கச்சி, பம்பலப்பிட்டியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் மேசையில் நரைக்கும் வரை இருந்தவன் நான். கார்ட், பாயின்ட்ஸ் என்று எதைக் கேட்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காசைக் குறைக்கப் போகிறீர்கள்? அந்தக் காசை நீங்கள் கட்டத்தான் வேண்டுமா?

உங்கள் 40,000ஐ எடுங்கள். போகும்போது என்ன கொண்டு போகப் போகிறீர்கள்? இரண்டு பேருக்கும் நாலைந்து நாள் உடுப்பு, அம்மாவின் மருந்து, சொந்தக்காரருக்குக் கொஞ்சம் தேயிலை. பட்ஜெட் விமானங்களில் கையில் கொண்டு போக வழமையாக 7 கிலோ விடுவார்கள். அதற்குள் அடங்கிவிடும். சாமான் சேரப் போவது திரும்பி வரும்போதுதான். இந்த விமானங்களில் பொதியை ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக வாங்கலாம். தளம் இரண்டு வழிக்கும் சேர்த்து டிக் போட்டுக் காட்டும், போகிற வழியில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். 34,000 அந்த இடத்திலேயே 17,000 ஆகிவிடும். கார்டும் வேண்டாம், ஃபோர்மும் வேண்டாம்.

சீட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கொழும்பில் இருந்து சென்னை ஒன்றரை மணித்தியாலத்துக்குள். நீங்கள் எந்த சீட்டில் இருந்தால் என்ன? அம்மாவுக்கு ஓரத்து சீட் வேண்டுமென்றால் அவருக்கு மட்டும் வாங்குங்கள், போக வர 2,800. அவருக்கு முழங்கால் உண்மையிலேயே நோகிறது என்றால் வீல்செயார் கேளுங்கள். அதற்குக் காசில்லை. குறைந்தது 48 மணித்தியாலம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். வீல்செயாரில் வருகிறவரை நடு சீட்டில் நெருக்கி இருத்த விமானக்காரரும் விரும்ப மாட்டார்கள். நோகாத முழங்காலுக்குக் கேட்காதீர்கள். கட்டுநாயக்காவில் வீல்செயாரில் ஏறி, சென்னையில் இறங்கியதும் டாக்சிக்கு ஓடுகிற ஆட்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

ஆக 40,000 என்றது 20,000க்குள் வந்துவிட்டது. இனிக் கார்டுக்கு வருவோம்.

இங்கே நம் வங்கிகள் விமானத்தைக் காட்டி விற்கிறவை பெரும்பாலும் நாலு சாமான்: டிக்கெட்டில் கழிவு, தவணை, லவுஞ்ச், பாயின்ட்ஸ். பொதிக்கு நீங்கள் கட்டிய காசைத் திருப்பிக் கணக்கில் போடுகிற வழக்கம் அமெரிக்காவில்தான் பேர்போனது. மாஜெஸ்டிக் சிட்டித் தம்பி அங்கத்தைய விளம்பரத்தையும் இங்கத்தையதையும் சேர்த்துக் கலக்கிவிட்டார் போல இருக்கிறது.

கழிவைப் பாருங்கள். "10 வீதம் கழிவு" என்று பதாகையில் பெரிதாக எழுதுவார்கள். கீழே சின்ன எழுத்தில் அடிக் கட்டணத்துக்கு மட்டும் என்று இருக்கும், வரிக்குக் கிடையாது. சென்னை மாதிரிக் கிட்டத்து ஊருக்கு இது பெரிய விஷயம். கட்டுநாயக்காவில் இருந்து வெளிநாடு போகிற ஒவ்வொருவருக்கும் விமான நிலைய வரி மட்டும் 60 டொலர். லண்டன் டிக்கெட்டில் அந்த 60 தெரியவே தெரியாது. சென்னை டிக்கெட்டில் அதுதான் முன்னுக்கு நிற்கும். ஒரு டிக்கெட் 75,000, அதில் வரிகள் 35,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வீதக் கழிவு 40,000இல்தான் விழும். கையில் கிடைப்பது 4,000. அதையும் பொதி அடங்கிய டிக்கெட்டில் தருகிறார்களா, பொதியில்லாத டிக்கெட்டில் தருகிறார்களா என்று பாருங்கள். பொதி அடங்கிய டிக்கெட்டில் கிடைத்தால் அது நல்ல சலுகை. சில நேரம் அப்படி வாங்கும் டிக்கெட், பட்ஜெட் டிக்கெட்டையும் 20 கிலோவையும் கூட்டி வருகிற விலையை விட மலிவாக முடியும். அந்தக் கூட்டலை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தளமும் போட்டுத் தராது.

பாயின்ட்ஸ். உங்கள் கார்ட் 100 ரூபாய்க்கு 1 பாயின்ட் தருகிறது, ஒரு பாயின்ட் 1 ரூபாய் பெறும் என்று தாராளமாகவே வையுங்கள். 12,000 ரூபாய் வருடக் கட்டணத்தை மீட்கவே 12 இலட்சம் ரூபாய்க்குக் கார்டைத் தேய்க்க வேண்டும். இரட்டிப்பு என்றால் 6 இலட்சம். அதுவரை உழைத்த பாயின்ட்ஸ் எல்லாம் வங்கிக்கே திரும்பிப் போகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் உங்கள் பொதிக்கு.

பாயின்ட்ஸை ஸ்ரீலங்கன் விமானக் கம்பனியின் ஃபிளைஸ்மைல்ஸ் திட்டத்தில், டிக்கெட் வாங்கப் பாவிக்கிற மைல்ஸாக மாற்ற விடுகிற கார்டுகள் உண்டு. தூரப் பயணத்துக்கு அது பெறுமதி. ஸ்ரீலங்கன் 2014 முதல் வன்வேர்ல்ட் என்ற விமானக் கம்பனிகளின் கூட்டணியில் இருப்பதால் அந்த மைல்ஸைக் கட்டார், பிரிட்டிஷ் எயார்வேஸ் போன்றவற்றிலும் பாவிக்கலாம். ஆனால் மைல்ஸ் டிக்கெட்டுக்கும் வரி கையிலிருந்துதான் போகும். சென்னைக்கு மைல்ஸை உடைப்பது, பாதிக்குப் பாதி வரியாக இருக்கிற டிக்கெட்டுக்கு முழு உண்டியலையும் உடைக்கிற மாதிரி. வைத்திருந்து வேறு பயணத்துக்குப் பாவியுங்கள். ஒருமுறை மைல்ஸாக மாற்றினால் திருப்பிப் பாயின்ட்ஸாக்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

தவணை பற்றி நீட்டத் தேவையில்லை. வட்டியில்லாத தவணை கல்யாண வீட்டுக்கு மூச்சுவிட நேரம் தரும், அவ்வளவுதான். கையாளும் கட்டணம் ஏதாவது எடுக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதம் முழு பில்லைக் கட்டாமல் விட்டால் வருடத்துக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி ஓடும். அதற்குப் பிறகு எந்த பாயின்ட்ஸும் உதவிக்கு வராது.

வெள்ளவத்தை வாசுகி:

அண்ணா, மிக்க நன்றி. அம்மாவுக்கு முழங்கால் உண்மையிலேயே நோவுதான், மாடிப்படி ஏற மாட்டார். டிக்கை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே விலை இறங்கியது.

இரண்டு சந்தேகம். தளத்தில் கட்டும் இடத்தில் இலங்கை ரூபாயில் கட்டுகிறீர்களா, இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா என்று கேட்கிறது. எது நல்லது? மற்றது, இங்கே காலி வீதியில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தேன். அதே டிக்கெட், விலை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் கார்டில் கட்டினால் 3 வீதம் கூட என்றார்கள். இது சரியா?

கார்ட் சென்டர் தம்பி:

அக்கா, நான் ஒரு வங்கியின் கார்ட் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

வெளிநாட்டுக் காசில் கட்டினால் பில்லில் மூன்று அடுக்கு இருக்கும். வீசா அல்லது மாஸ்டர்கார்டின் நாணய மாற்று, அதன் மேல் வங்கியின் வீதம், அதற்கும் மேல் அரசாங்கத்தின் முத்திரைத் தீர்வை. 17,000 என்று பார்த்த பொதி பில்லில் 17,000ஆக வராது. தளம் "இலங்கை ரூபாயில் காட்டவா" என்று கேட்பதில் இரண்டு விதம் இருக்கிறது. விமானக் கம்பனி இலங்கையிலேயே கணக்கு வைத்து, இங்கத்தைய காசில் விற்றால் அது உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கல். அது நல்லது. வெளிநாட்டில் இருக்கிற வங்கி தன் விருப்பத்துக்கு ஒரு மாற்று வீதம் போட்டு ரூபாயில் காட்டுவது வேறு. அதற்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன். அதில் அந்த வங்கி தன் இலாபத்தை முதலே ஏற்றிவிடும். அப்படியானதற்கு இந்திய ரூபாயைத் தெரிவு செய்வது பெரும்பாலும் மலிவு. வித்தியாசம் எப்படித் தெரியும்? திரையில் மாற்று வீதம், மார்க்கப் (மேலே ஏற்றிய இலாபம்) என்று சின்ன எழுத்தில் ஏதாவது வந்தால் அது இரண்டாவது வகை.

சலுகையைப் பற்றி ஒரு உள்வீட்டு விஷயம். உங்கள் செலவு விமானச் செலவா, கடைச் செலவா என்று வங்கியில் ஒரு மனிதரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு வியாபாரிக்கும் நாலு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கிறது, கம்பியூட்டர் அதைத்தான் பார்க்கும். பெரிய விமானக் கம்பனிகளுக்கு 3000இல் தொடங்கும் வரிசையில் தனித்தனி எண். டிராவல் ஏஜென்சிக்கு 4722. "விமானச் செலவுக்கு இரட்டிப்பு பாயின்ட்ஸ்" என்று இருக்கும் கார்டை ஏஜென்சியில் தேய்த்தால் 4722 என்றுதான் விழும். சலுகையின் விதிகளில் டிராவல் ஏஜென்சியும் அடங்கும் என்று எழுதியிருந்தால் சரி. எழுதாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அப்புறம் எங்களுக்கு ஃபோன் எடுத்து ஏசுவார்கள்.

வருடக் கட்டணத்தைப் பற்றி யாரும் சொல்லாதது: கேட்டால் பல நேரம் விட்டுக்கொடுப்பார்கள். பில்லில் விழுந்த உடனே ஃபோன் எடுங்கள். "கார்டை நிறுத்தப் போகிறேன்" என்று சத்தம் போட வேண்டாம். "போன வருடம் இவ்வளவு செலவழித்திருக்கிறேன், கட்டணத்தை எடுத்துவிட முடியுமா" என்று கேளுங்கள். முழுதாக விடாவிட்டால் பாதி, அதுவும் இல்லாவிட்டால் இன்ன தொகை செலவழித்தால் விடுகிறோம் என்று ஒரு வழி சொல்வார்கள். இப்போது கையில் இருக்கிற சாதாரண கார்டுக்கும் இதைச் செய்யலாம்.

காலி வீதி டிக்கெட்காரர்:

தம்பி சொன்னது அத்தனையும் சரி. அந்த 4722 எண் பல பேரைப் பாயின்ட்ஸ் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

தங்கச்சி கேட்ட 3 வீதம். கார்ட் தேய்க்கும்போது வங்கி கடைக்காரரிடம் எடுக்கிற காசு அது. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. இருந்தும் எங்கள் தொழிலில் கேட்கிற வழக்கம் இருக்கிறது, ஒளிப்பானேன். ஏஜென்சிக்கு ஒரு டிக்கெட்டில் கிடைப்பது பல நேரம் அந்த 3 வீதத்தை விடக் குறைவு, அதனால் கேட்கிறார்கள். நீங்கள் அந்த விதியை மேசையில் சொல்லலாம். சண்டை பிடிக்க மனமில்லை என்றால் கணக்கைப் பாருங்கள்: 100 ரூபாய்க்கு 1 ரூபாய் பாயின்ட்ஸ் கிடைக்க 3 ரூபாய் கொடுக்கிறீர்கள். காசாகக் கட்டிவிட்டு வாருங்கள்.

ஏஜென்சியை முழுக்க ஒதுக்காதீர்கள். கல்யாண நேரத்தில் திகதி மாறும். மாற்றுகிற நாளில், தளத்தில் யாரோ ஒரு ரோபோவுடன் மல்லுக்கட்டுவதை விடக் காலி வீதியில் ஒரு மேசைக்கு முன்னால் போய் இருப்பது நல்லது. இது என் பழைய தொழில் மீதான பாசம் என்று நீங்கள் நினைத்தாலும் சரி.

ஸ்காபரோ சாந்தி:

பிள்ளை, டொரன்டோ அண்ணாவின் கார்டைப் பற்றி நான் சொல்கிறேன். நானும் பதினாறு வயது வரை வெள்ளவத்தைதான், ராமகிருஷ்ணா வீதி.

இங்கே கனடாவில், எயார் கனடாவின் பாயின்ட்ஸ் திட்டமான ஏரோபிளானின் கார்டுகள் பல வீட்டில் உண்டு. அதில் முதல் பொதி இலவசம், 23 கிலோ வரை, கார்ட்காரருக்கும் அதே புக்கிங்கில் கூட வருகிற 8 பேர் வரைக்கும். கார்டில் கட்டினாரா என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. கார்ட்காரர் அந்தப் பயணத்தில் இருக்கிறாரா, அவரது ஏரோபிளான் எண் புக்கிங்கில் இருக்கிறதா, பயணம் எயார் கனடா விமானத்தில் தொடங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் அண்ணா டொரன்டோவில் இருந்துகொண்டு உங்கள் சென்னை டிக்கெட்டுக்குக் காசு கட்டினால் அவருக்கு பில் வரும், உங்களுக்குப் பொதி வராது. விமானமும் வேறு கம்பனி. அது மட்டுமில்லை, மற்றவரின் கார்டில் டிக்கெட் வாங்கினால் செக்கினில் அந்தக் கார்டைக் காட்டு என்று கேட்கிற விமானக் கம்பனிகளும் இருக்கின்றன. கார்ட் டொரன்டோவில், நீங்கள் கட்டுநாயக்காவில். தேவையா?

ஆனால் அண்ணா கல்யாணத்துக்கு வரும்போது அது அவருக்கு உதவும். டொரன்டோவில் இருந்து லண்டன் வரை எயார் கனடா, அங்கிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் என்று வந்தால் தொடங்குகிற இடம் சரி. திரும்பிப் போகும்போது கொழும்பில் தொடங்குவது ஸ்ரீலங்கனில், அப்போது கார்டைக் காட்டிப் பயனில்லை. அந்த வழிக்கு டிக்கெட்டில் என்ன பொதி எழுதியிருக்கிறதோ அதுதான். கல்யாணம் முடிந்து இங்கே வருகிறவர்களின் பெட்டி போகும்போது இருந்ததை விடப் பாரம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலகாரம், மிளகாய்த்தூள், பனங்கட்டி.

அமெரிக்கா இன்னும் சிக்கல். 2008இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கன் எயார்லைன்ஸ் முதல் பொதிக்கு 15 டொலர் கேட்கத் தொடங்கியது, பிறகு மற்றவையும் வந்து சேர்ந்தன. அங்கே உள்நாட்டு டிக்கெட் விலையில் 7.5 வீதம் மத்திய அரசு வரி. பொதிக் காசை வேறாக எடுத்தால் அதற்கு அந்த வரி இல்லை, அதனால் கம்பனிகளுக்கு அதைப் பிரித்து வைப்பதில் இன்னும் விருப்பம். கடைசிவரை இரண்டு பொதி இலவசமாக விட்டது சவுத்வெஸ்ட். 2025 மே 28 முதல் அவர்களும் காசு எடுக்கிறார்கள், தங்கள் கார்ட் வைத்திருக்கிறவருக்கு முதல் பொதியை விடுகிறார்கள். முதலில் கட்டணத்தை உண்டாக்கு, பிறகு அதிலிருந்து தப்ப ஒரு கார்டை வில். வியாபாரம் தெரிந்தவர்கள்.

நியூ ஜேர்சியில் இருக்கிற எங்கள் அத்தானிடம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் இருக்கிறது. அதில் வருடத்துக்கு 200 டொலர் வரை விமானச் சில்லறைக் கட்டணங்களைத் திருப்பித் தருவார்கள், பொதி, சீட் எல்லாம். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் ஒரே ஒரு விமானக் கம்பனியை முன்கூட்டியே தெரிவு செய்ய வேண்டும், அதுவும் அவர்கள் பட்டியலில் இருக்கிற அமெரிக்கக் கம்பனியாக இருக்க வேண்டும். கொழும்புக்கு வருகிற கட்டாரோ எமிரேட்ஸோ அதில் இல்லை. டிக்கெட் விலைக்கும் அது செல்லாது. வருடம் முடிந்தால் பாவிக்காத மிச்சம் அடுத்த வருடத்துக்குப் போகாது. அதனால் டிசம்பர் வந்தால் அத்தான் எங்கேயாவது பறக்க இடம் தேடுவார். அந்தக் கார்டின் வருடக் கட்டணம் 2025இல் 695இல் இருந்து 895 டொலராக ஏறிவிட்டது. அக்கா அதைப் பற்றி அத்தானோடு கதைப்பதில்லை.

யுனைட்டெட் எக்ஸ்புளோரர் கார்டில் இன்னொரு விதி: முதல் பொதி இலவசமாக வேண்டுமென்றால் டிக்கெட்டை அதே கார்டில்தான் வாங்கியிருக்க வேண்டும், கார்ட்காரருக்கும் அதே புக்கிங்கில் இன்னொருவருக்கும்தான். இங்கே ஏரோபிளானில் நேர்மாறு. ஆளாளுக்கு ஒரு விதி. அதனால் அண்ணாவிடம் "உங்கள் கார்டுக்குப் பொதி இலவசமா" என்று கேட்காமல், "யார் புக்கிங்கில் இருக்க வேண்டும், எந்த விமானத்தில் தொடங்க வேண்டும், எந்தக் கார்டில் கட்ட வேண்டும்" என்று மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

சாந்தி அக்கா, அத்தானைக் கட்டுநாயக்கா லவுஞ்சுக்குக் கூட்டி வாருங்கள். கட்லட் நான் வாங்கித் தருகிறேன். வெளியில்.

வெள்ளவத்தை வாசுகி:

எல்லோருக்கும் நன்றி. ஃபோர்மைக் கிழித்துவிட்டேன். சம்பள வங்கியின் கார்ட் சென்டருக்கு ஃபோன் எடுத்து, தம்பி சொன்ன மாதிரியே கேட்டேன். வருடக் கட்டணத்தில் பாதியை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல் என் கார்டில் பூட்டியிருந்ததாம், அதையும் திறந்துவிட்டார்கள். என் கார்டில் சேர்ந்து கிடந்த பாயின்ட்ஸில் கொஞ்சம் பங்குனியில் காலாவதி ஆகிறதாம். அதை பில்லில் கழிக்கலாம் என்றார்கள். அந்தக் காசு அம்மாவின் சீட்டுக்குச் சரியாகப் போகிறது.

கடைசியாக ஒன்று. அழைப்பிதழ் 500 அடிக்கிறோம். பெரியம்மா தெரிவு செய்த மாதிரியைத் தராசில் போட்டுப் பார்த்தேன், உறையோடு ஒன்று 60 கிராம். அப்படியானால் 30 கிலோ! சேலையும் விளக்கும் வேறு. இரண்டு 20 கிலோவும் போதுமா? கையில் கொஞ்சம் கொண்டுவர விடுவார்களா?

காலி வீதி டிக்கெட்காரர்:

கடுதாசிதான் பொதியிலேயே ஆகப் பாரமான சாமான், விளக்கை விட. பெட்டி சின்னதாக இருக்கும், தூக்கினால்தான் தெரியும்.

40 கிலோவில் அழைப்பிதழுக்கு 30 போனால் மிச்சம் 10, அதில் பெட்டியின் பாரமும் சேரும். விளக்குக்கும் சேலைகளுக்கும் போதாது. திரும்பி வருகிற வழிக்கு மட்டும் இன்னும் 10 கிலோ கூட்டி வாங்குங்கள், இப்போதே தளத்தில். கவுன்டரில் வாங்கினால் கிலோவுக்குக் கிலோ காசு, அங்கே எந்த வங்கியின் சலுகையும் பேசாது.

இரண்டு பேரையும் ஒரே புக்கிங்கில் போடுங்கள். அப்படி இருந்தால் இருவரின் கிலோவையும் சேர்த்துப் பார்க்கிற விமானக் கம்பனிகள் உண்டு, உங்களுடையது பார்க்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, ஏற்றுகிறவர்களின் இடுப்புக்காக வைத்த விதி அது. அழைப்பிதழை இரண்டு பெட்டியில் பாதி பாதியாகப் பிரியுங்கள். ஒரு பெட்டி வராமல் போனாலும் பாதிப் பேருக்காவது கொடுக்கலாம்.

கூறைச்சேலையைக் கையில் கொண்டு வாருங்கள். கையில் 7 கிலோ என்றால் அதை நிறுப்பார்கள், சென்னையில் இன்னும் கவனமாக நிறுப்பார்கள். விளக்கைக் கையில் வைக்காதீர்கள். கூரான தலை உள்ளதைப் பாதுகாப்பில் நிறுத்திவிடுவார்கள், பிறகு திரும்பி ஓடி வந்து அதைப் பொதியில் போட வேண்டிவரும். தண்டு, தட்டு, தலை மூன்றையும் கழற்றி, சேலைகளுக்கு நடுவே வைக்காமல் பழைய பெட்சீட்டில் தனித்தனியாகச் சுற்றுங்கள். பித்தளை உரசினால் பட்டு பழுதாகும். கடைக்காரரே நல்லாகச் சுற்றித் தருவார், கேட்க வேண்டும்.